இருபடிச் சமன்பாடு: ஒரு தம்பிக்குச் சொன்ன பாடம்

கார்த்திகை மாதத்து இரவு. காசியில் குளிர் தொடங்கிவிட்ட காலம். விடுதி அறையின் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தேன். நம் சங்கத்தில் இவ்வாண்டு புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் கையில் விடைத்தாளுடன் நின்றான். பாண்டி நாட்டுக்காரன்; பொருளியல் படிக்க வந்தவன். அப்படிப்பில் கணிதத் தாள் ஒன்றும் உண்டு. அதில் நூற்றுக்குப் பதினெட்டு வாங்கியிருந்தான். மறுதேர்வில் தேறாவிட்டால் அவனுக்கு வரும் உதவித்தொகை நின்றுவிடும். உதவித்தொகை நின்றால் படிப்பும் நிற்கும். வீட்டு நிலை அப்படி.

"அண்ணே, சூத்திரம் எனக்கு நல்லாத் தெரியும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனாலும் விடை தப்பாவே வருது" என்றான்.

சொல் பார்க்கலாம் என்றேன். ஒரே மூச்சில், எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தான். ஏறக்குறைய ஒரு தோத்திரம் போலவே இருந்தது. ஏன் அப்படி வருகிறது என்று கேட்டேன். விழித்தான். அவன்மேல் குற்றமில்லை. எனக்கும் அந்தச் சூத்திரத்தை அப்படித்தான் கற்பித்தார்கள். நான் அதன் பொருளை அறிந்துகொண்டது, தேர்வெல்லாம் முடிந்து பல ஆண்டுகள் கழித்து, இந்தக் காசி நகரத்தில்தான். அன்றிரவும் அடுத்த சில இரவுகளும் அவனுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். அவனைப் போன்றவர்கள் நம்மிடையே வேறு சிலரும் இருக்கலாம்.

முதலில் எழுத்தைப் பற்றி ஒரு சொல். தெரியாத எண்ணைக் குறிக்க நாம் ஆங்கில எழுத்தையே எழுதிப் பழகிவிட்டோம். பாஸ்கராசாரியார் தம் பீஜகணித நூலில் தெரியாத எண்ணை 'யாவத்-தாவத்' என்கிறார். எவ்வளவோ அவ்வளவு என்பது அதன் பொருள். அதைச் சுருக்கி 'யா' என்று எழுதுவார்கள். அதன் வர்க்கம் 'யாவ'. தனித்து நிற்கும் எண்ணுக்கு 'ரூ'. ஒன்றுக்கு மேற்பட்ட தெரியாத எண்கள் வந்தால் கருப்பு, நீலம் என்று நிறங்களின் பெயரால் 'கா', 'நீ' என்று தொடர்வார்கள். நம் தமிழிலும் 'யா' வினாச் சொல்தானே! ஆகவே நானும் இக்கட்டுரையில் 'யா' என்றே எழுதுகிறேன். வர்க்கத்தை மட்டும் இக்கால வழக்கப்படி யா² என்று குறிக்கிறேன்.

தம்பியின் விடைத்தாளுக்கு வருவோம். முதற் கணக்கு இது: 3யா² = 12யா. அவன் இருபுறமும் 3யாவால் வகுத்து, யா = 4 என்று எழுதியிருந்தான். பாதி மதிப்பெண்தான் கிடைத்தது. ஏன் குறைத்தார்கள் என்பது அவனுக்கு விளங்கவில்லை. யாவுக்குச் சுழியை இட்டுப் பார் என்றேன். இடப்புறம் சுழி, வலப்புறமும் சுழி. அதுவும் ஒரு விடைதான். யாவால் வகுத்த அந்த நொடியிலேயே அவ்விடையை அவன் தொலைத்துவிட்டான். சுழியாக இருக்கக்கூடிய ஒன்றால் வகுக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து 3யா(யா − 4) = 0 என்று எழுதினால் இரண்டு விடைகளும் தாமாகவே வெளிப்படும். இரண்டு எண்களின் பெருக்கல் சுழியானால் இரண்டில் ஒன்றாவது சுழியாக இருந்தே தீரவேண்டும். காரணிப்படுத்தும் முறை முழுவதும் இந்த ஒரு வரியில் அடக்கம். வேறு விளக்கம் அதற்குத் தேவையில்லை.

இரண்டாவது கணக்கு 2யா² − 7யா + 3 = 0. இதற்கு அவன் சூத்திரத்தைப் போட்டிருந்தான். சூத்திரத்தில் 'கழித்தல் ஆ' என்று இருக்கிறது. இங்கே ஆ என்பதே −7. ஆகவே 'கழித்தல் ஆ' என்பது +7. தம்பியோ −7 என்றே எழுதிவிட்டான். அதோடு, கீழே வரவேண்டிய 4 என்ற வகுஎண்ணை வர்க்கமூலத்துக்கு அடியில் மட்டும் போட்டான். இப்படி இரண்டு பிழைகள் சேர்ந்து −5¾, −8¼ என்று இரண்டு விடைகள் வந்தன.

"தம்பி, உன் விடையை ஒரு கணம் பார். யா குறை எண் என்கிறாய். அப்படியானால் 2யா² மிகையா, குறையா?"

"மிகை."

"−7யா?"

"குறையும் குறையும் பெருகினால்... மிகை."

"+3?"

சிரித்துவிட்டான். மூன்று மிகை எண்களைக் கூட்டினால் சுழி எப்படி வரும்? பேனாவையே எடுக்காமல் அவ்விடை தவறு என்று சொல்லிவிடலாம். இப்படிப் பார்க்கும் பழக்கத்தை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

சரி, சூத்திரம் எங்கிருந்து வந்தது? அதற்கு நாம் பாக்தாத் நகரத்துக்குப் போகவேண்டும். கி.பி. 820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே வாழ்ந்த அல்-குவாரிஸ்மி என்ற அறிஞர் இருபடிச் சமன்பாட்டை ஒரு படமாகவே வரைந்து காட்டினார். அவர் எடுத்துக்கொண்ட கணக்கு: யா² + 10யா = 39.

தம்பியிடம் கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்து வரையச் சொன்னேன். நடுவே ஒரு சதுர முற்றம். அதன் பக்கம் யா. ஆகவே பரப்பு யா². முற்றத்தின் நான்கு புறமும் ஒட்டினாற்போல நான்கு தாழ்வாரங்கள். ஒவ்வொன்றின் நீளமும் யா, அகலம் இரண்டரை. நான்கு தாழ்வாரங்களின் பரப்பையும் கூட்டினால் 10யா. முற்றமும் தாழ்வாரங்களும் சேர்ந்து 39. இப்போது படத்தைப் பாருங்கள். நான்கு மூலைகளும் காலியாக இருக்கின்றன. ஒவ்வொரு மூலையும் இரண்டரைக்கு இரண்டரை, அதாவது 6¼. நான்கும் சேர்ந்து 25. அந்த 25-ஐயும் நிரப்பிவிட்டால் முழுச் சதுரம் ஒன்று கிடைக்கிறது. அதன் பரப்பு 39 + 25 = 64. பக்கம் 8. அதிலிருந்து இருபுறத் தாழ்வாரங்களின் அகலம் 5-ஐக் கழித்தால் முற்றத்தின் பக்கம் 3. சரிபார்த்தால் 9 + 30 = 39.

வர்க்கப் பூர்த்தி என்று பாடநூலில் வரும் பெயருக்கு இதுதான் பொருள். குறையாக நிற்கும் சதுரத்தை மூலைகளை அடைத்துப் பூர்த்தி செய்கிறோம். தம்பி அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "பாதியாக்கி வர்க்கம் பண்ணிக் கூட்டுன்னு மட்டும்தான் சொன்னாங்க. மூலையை அடைக்கிறதுக்குன்னு யாரும் சொல்லல" என்றான்.

ஆனால் படத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 64-இன் வர்க்கமூலம் 8 மட்டுமன்று, −8-உம் தான். அதை எடுத்துக்கொண்டால் யா = −13. இட்டுப் பாருங்கள்: 169 − 130 = 39. சரியாகவே வருகிறது. பக்கத்தின் நீளம் −13 என்று எந்த முற்றமும் இராது. ஆகவே படம் அதைக் காட்டாது. எழுத்துக் கணிதம் காட்டும்.

அல்-குவாரிஸ்மிக்கு இருநூறு ஆண்டு முன்னரே நம் நாட்டில் பிரம்மகுப்தர் இதற்கு விதி சொல்லியிருக்கிறார். அவருடைய பிராம்மஸ்புட சித்தாந்தம் கி.பி. 628-இல் எழுந்தது. அந்நூலை 1902-இல் காசியில் பதிப்பித்தவர் சுதாகர துவிவேதி. நம் விடுதியிலிருந்து நடந்தே போகும் தொலைவில் உள்ள தெருக்களில் அந்த ஏடுகளை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்கள் என்று எண்ணும்போது எனக்கு ஒரு சிலிர்ப்பு உண்டாகும். இது கணிதத்துக்குப் புறம்பான பேச்சு, விட்டுவிடுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஸ்ரீதரரைப் பற்றி. அவருடைய பீஜகணித நூல் நமக்குக் கிடைக்கவில்லை. பாஸ்கரர் தம் நூலில் எடுத்துக்காட்டியதால் அவருடைய விதி மட்டும் பிழைத்தது. பள்ளியில் நாம் செய்வது என்ன? முதலில் யா²-இன் கெழுவால் சமன்பாட்டை வகுக்கிறோம். உடனே பின்னங்கள் புகுந்துவிடுகின்றன. தம்பியின் கணக்கிலேயே 7/2, 3/2, பிறகு 49/16 என்று ஒரே பின்னக்காடு. பிழை விளைவது அங்கேதான். ஸ்ரீதரர் வகுக்கவில்லை, பெருக்குகிறார். யா²-இன் கெழுவை நான்கால் பெருக்கி, அந்த எண்ணால் இருபுறத்தையும் பெருக்கு. பிறகு, முதலில் இருந்த யாவின் கெழுவை வர்க்கம் செய்து இருபுறமும் கூட்டு. பின் வர்க்கமூலம் எடு. விதி இவ்வளவே.

செய்து பார்ப்போம். 2யா² − 7யா = −3. நான்கு மடங்கு இரண்டு எட்டு. எட்டால் பெருக்கினால்:

16யா² − 56யா = −24

யாவின் கெழு −7. அதன் வர்க்கம் 49. இருபுறமும் கூட்டினால்:

16யா² − 56யா + 49 = 25

இடப்புறம் இருப்பது (4யா − 7)-இன் வர்க்கம். ஆகவே 4யா − 7 என்பது 5 அல்லது −5. 4யா என்பது 12 அல்லது 2. யா = 3 அல்லது ½. கடைசி அடி வரையில் ஒரு பின்னம்கூடத் தலைகாட்டவில்லை!

நாலால் ஏன் பெருக்கவேண்டும் என்று தம்பி கேட்டான். இந்தக் கேள்வி வந்தபோதே அவன் தேறிவிடுவான் என்ற நம்பிக்கை எனக்குப் பிறந்தது. கெழுவை அ என்போம். அவால் மட்டும் பெருக்கினால் முதல் உறுப்பு (அயா)-இன் வர்க்கமாகிவிடும்; அது போதும். ஆனால் நடு உறுப்பில் ஆவைப் பாதியாக்க வேண்டிவரும். ஆ ஒற்றைப்படை எண்ணாக இருந்தால் அரை வந்து நிற்கும். அந்த அரையை ஒழிக்கவே இன்னொரு நான்கு. நான்கு தானும் ஒரு வர்க்கமாதலால் முதல் உறுப்பின் வர்க்கத் தன்மை கெடுவதில்லை. நாலுக்குப் பதில் இரண்டைப் போட்டுப் பாருங்கள். முதல் உறுப்பு கெட்டுவிடும்.

இப்போது எண்களை எடுத்துவிட்டு எழுத்துகளை இடுவோம். அயா² + ஆயா + இ = 0. இயை மறுபுறம் தள்ளி, 4அவால் பெருக்கி, ஆ²-ஐக் கூட்டினால்,

(2அயா + ஆ)² = ஆ² − 4அஇ

தம்பி ஒப்பித்த தோத்திரம் இதோ பிறந்துவிட்டது! வர்க்கமூலம் எடுத்து, ஆவைக் கழித்து, மிஞ்சியதை முழுமையாக 2அவால் வகுக்கவேண்டும். கடைசியில் வகுப்பதால் எல்லாவற்றுக்கும் அடியில் 2அ வருகிறது. இந்த வரியை ஒருமுறை தானே எழுதிப் பார்த்தவன் வகுஎண்ணை வேறிடத்தில் போடமாட்டான். அன்று முதல் தம்பி அப்பிழையைச் செய்யவில்லை.

வலப்புறத்தில் நிற்கும் ஆ² − 4அஇ என்பதைத் தன்மைகாட்டி என்பார்கள். அது மிகையானால் விடைகள் இரண்டு. சுழியானால் ஒன்றே. குறையானால்? குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை, ஏனென்றால் எதன் வர்க்கமும் குறையாக வருவதில்லை என்று பாஸ்கரர் முடித்துவிட்டார். 1545-இல் இத்தாலி நாட்டுக் கார்டானோ அந்தக் கதவைத் திறந்து பார்த்தார். பத்தை இரண்டு பங்காக்கு, அவற்றின் பெருக்கல் நாற்பதாகட்டும் என்பது அவருடைய கணக்கு. இதற்கு ஒரு சுருக்கு வழி உண்டு. இரண்டு பங்குகளின் சராசரி 5. ஆகவே ஒன்று 5-ஐ விட எவ்வளவு கூடுதலோ மற்றது அவ்வளவு குறைவு. அந்த வேறுபாட்டைக் கா என்றால் (5 + கா)(5 − கா) = 25 − கா² = 40. கா² = −15. மனத்துக்கு வேதனையாக இருந்தாலும் பெருக்கிப் பார் என்று கார்டானோ சொல்லி, பெருக்கல் நாற்பது வருவதைக் காட்டினார். கற்பனை எண்களின் கதை அங்கே தொடங்குகிறது. மறுதேர்வில் அது இல்லாததால் நானும் தம்பியும் அங்கேயே நிறுத்திக்கொண்டோம்.

நான் இப்போது சொன்ன சராசரி வழியை அமெரிக்க நாட்டில் கணிதப் பேராசிரியராக உள்ள போ-ஷென் லோ 2019-இல் எடுத்துப் பரப்பினார். பழைய பாபிலோனியரின் களிமண் பலகைகளிலும் இதே சாயல் உண்டு. யா²-இன் கெழு ஒன்றாக இருக்கும்போது இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. மூலங்களின் கூட்டுத்தொகை யாவின் கெழுவுக்கு எதிர்க்குறி. பெருக்கற்பலன் தனி எண். இவ்வளவு தெரிந்தால் போதும்.

கூட்டலும் பெருக்கலும் விடையைச் சரிபார்ப்பதற்கும் உதவும். சில சமயம் விடையைக் காப்பாற்றவும் செய்யும். இளங்கலை வகுப்பில் ஒரு செய்முறைத் தேர்வில் எனக்கு யா² − 1000யா + 1 = 0 என்ற மாதிரி ஒரு சமன்பாடு வந்தது. கையில் நான்கு இலக்க மடக்கை அட்டவணை. தன்மைகாட்டி 999996. நான்கு இலக்கத்தில் அதன் வர்க்கமூலம் 1000. சூத்திரப்படி பெரிய மூலம் 1000. சிறிய மூலம் சுழி! சுழி என்றே எழுதிவிட்டு வந்தேன். சுழியை இட்டால் 1 = 0 என்று வருமே என்ற எண்ணம்கூடத் தோன்றவில்லை. ஏறக்குறைய சமமான இரண்டு எண்களைக் கழித்தால் உள்ள இலக்கங்கள் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். அவ்விடத்தில் கழிக்கக் கூடாது. பெருக்கற்பலன் 1 ஆகையால், ஒன்றைப் பெரிய மூலத்தால் வகுத்தால் சிறிய மூலம் 0.001 என்று வந்துவிடும். இன்று கைப்பேசியால் கணக்கைப் படம் பிடித்தாலே விடை வருகிறது என்பீர்கள். வரட்டும். வந்த விடையை நம்பலாமா என்று கேட்கவாவது நமக்குத் தெரியவேண்டாமா?

ஒரு விடையைத் தொலைப்பது ஒரு பிழை. இல்லாத விடையைச் சேர்ப்பது இன்னொன்று. யா என்பது (யா + 6)-இன் வர்க்கமூலம் என்று ஒரு கணக்கு. இருபுறமும் வர்க்கம் செய்தால் யா² − யா − 6 = 0. மூலங்கள் 3, −2. மூன்று பொருந்தும். −2 பொருந்தாது, ஏனென்றால் 4-இன் வர்க்கமூலக் குறி 2-ஐத்தான் தரும். வர்க்கம் செய்யும்போது குறி அழிந்துவிடுகிறது. அழிந்த குறியின் வழியாக அந்நிய விடை உள்ளே நுழைகிறது. இதைப் பாஸ்கரரைப் போல அழகாக விளக்கியவர் வேறு யாரும் இல்லை என்பது என் கருத்து. அவருடைய பீஜகணிதத்தில் இரண்டு குரங்குக் கணக்குகள் இருக்கின்றன.

முதற் கணக்கு: ஒரு கூட்டத்தில் எட்டில் ஒரு பங்கின் வர்க்கம் காட்டில் விளையாடுகிறது, மிச்சம் பன்னிரண்டு குரங்குகள் குன்றின்மேல் இருக்கின்றன. மொத்தம் எத்தனை? யா² − 64யா + 768 = 0. சராசரி 32; வேறுபாட்டின் வர்க்கம் 1024 − 768 = 256; வேறுபாடு 16. ஆகவே 48 அல்லது 16. நாற்பத்தெட்டில் எட்டிலொன்று ஆறு, வர்க்கம் 36, பன்னிரண்டைக் கூட்ட 48. பதினாறில் எட்டிலொன்று இரண்டு, வர்க்கம் 4, பன்னிரண்டைக் கூட்ட 16. இரண்டையும் பாஸ்கரர் ஏற்றுக்கொள்கிறார்.

இரண்டாவது: கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதில் மூன்று குறைத்து, வர்க்கம் செய்த அளவு குரங்குகள் குகைக்குள் போயின, மரக்கிளையில் ஏறிய ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. இதைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு நான் உணவுக்குப் போனேன். திரும்பி வரும்போது அவன் யா² − 55யா + 250 = 0 என்று எழுதி, தன்மைகாட்டி 2025, அதன் வர்க்கமூலம் 45 என்று கண்டு, 50, 5 என்று முடித்திருந்தான். சரி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். முதற் கணக்கில் இரண்டு விடையும் சரியாக இருந்த நினைப்பில் நானே அசட்டையாக இருந்துவிட்டேன்.

இரவு பதினொரு மணிக்குக் கதவு தட்டும் ஓசை.

"அண்ணே, ஐந்து குரங்கு ஒத்துவராது. ஐந்திலே ஒரு பங்கு ஒண்ணு. ஒண்ணுலே மூணு குறைச்சா −2. குகை வாசல்லே குறை ரெண்டு குரங்கு எப்படி நிக்கும்? வர்க்கம் பண்ணினதாலே நாலாயிடுச்சு, கணக்கும் ஒட்டிக்கிச்சு."

நான் பீஜகணித மொழிபெயர்ப்பை எடுத்து அவனிடம் காட்டினேன். கோல்புரூக் 1817-இல் வெளியிட்ட நூல் அது. பாஸ்கரரும் இதே விடையைத் தள்ளி, இதே காரணத்தைச் சொல்லியிருக்கிறார். குறையாக நிற்கும் பொருளை உலகத்தார் ஏற்பதில்லை என்பது அவர் கருத்து. தம்பி அந்தப் பக்கத்தை இருமுறை படித்தான். தேர்வில் பதினெட்டு வாங்கியவன் முகத்தில் அன்றுதான் சிரிப்பைக் கண்டேன்.

நண்பர்கள் செய்து பார்க்க ஒரு கணக்குத் தருகிறேன். லீலாவதியில் வருவது. ஒரு தேனீக் கூட்டத்தில் பாதியின் வர்க்கமூலம் முல்லைப் புதருக்குப் போயிற்று. மொத்தத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கும் அவ்வாறே சென்றது. மீதி இரண்டு, தாமரைக்குள் இரவில் அகப்பட்டுக்கொண்ட ஓர் ஆண் தேனீ, வெளியே அதற்கு எதிர்க்குரல் கொடுக்கும் ஒரு பெண் தேனீ. மொத்தம் எத்தனை? கூட்டத்தை யா என்று வைத்தால் வர்க்கமூலக் குறி தொல்லை கொடுக்கும். 2யா² என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி யா² ஆகி, அதன் வர்க்கமூலம் யாவாக நிற்கும். பிறகு ஒன்பதால் பெருக்கினால் 2யா² − 9யா − 18 = 0 என்று வரும். ஸ்ரீதரர் விதியைப் போடுங்கள்.

மறுதேர்வு வரும் திங்கட்கிழமை. நேற்றுத் தம்பி இக்கணக்கைச் செய்து கொண்டுவந்தான். 72 என்று ஒரு விடை. நாலரை என்று மற்றொன்று. நாலரையை அடித்திருந்தான். ஏன் என்று கேட்டேன்.

"அரைத் தேனீ பறக்காதுன்னு எழுதலாம்னு பார்த்தேன் அண்ணே. ஆனா அது உண்மையான காரணமில்லை. புதருக்குப் போனது −1½ன்னு வருது. அதனாலே அடிச்சேன்."